மெஷின் காட்டும் நம்பரை எத்தனை ஆழம் வரை நம்பலாம்?

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். இங்கே யாருக்காவது கம்மலோ மோதிரமோ மண்ணில் தொலைந்தால் முதலில் சாமிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வார்கள், அப்புறம் எனக்குப் போன் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன், அன்றிலிருந்து ஊருக்குள் நான்தான் "மெஷின்காரன்". போகிற இடத்திலெல்லாம் மெஷினைத் தரையில் வைப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "மக்கா, எத்தன நம்பர் வந்தா தங்கம்?"

மண்ணுக்குள் உலோகம் தட்டுப்பட்டால் மெஷின் திரையில் ஒரு நம்பர் வரும், கேட்பது அதைத்தான். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. புதிதாக மெஷின் வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான், நானும் ஏமாந்திருக்கிறேன்.

போன தை மாசம், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கி முடித்த ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், கல்யாண மோதிரம் தேடப் போனேன். அரை மணி நேரத்தில் ஒரு நல்ல சத்தம், திரையில் 84, இந்தப் பக்கம் ஆட்டினாலும் 84, அந்தப் பக்கம் ஆட்டினாலும் 84. ஆழம் 25 சென்டிமீட்டர் என்று அம்புக்குறி காட்டுகிறது. வீட்டுக்கார அக்கா ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். முழங்கை அளவுக்குத் தோண்டினேன், வெளியே வந்தது பழைய மண்வெட்டியில் காம்பைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம். மோதிரம் அதே விளையில்தான் இருந்தது. அதன்மேல் நான் இரண்டு தடவை மெஷினின் அடித்தட்டை, அதாவது காயிலை (coil), ஆட்டிவிட்டு, "இது ஏதோ துருப்பிடித்த ஆணி" என்று முடிவு பண்ணித் தாண்டிப் போயிருந்தேன். ஏன் அப்படி ஆனது என்று புரிய வேண்டுமென்றால் அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம்மிடம் இருக்கிற சாதாரண மெஷின்கள் எல்லாம் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) என்ற வகை. அடியில் இருக்கும் தட்டு மாதிரியான காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும், ஒன்று பேசுவது, இன்னொன்று கேட்பது. பேசும் சுற்றில் மின்சாரம் செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறி மாறி ஓடும், பெரும்பாலான மெஷின்களில் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள். அதனால் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. வழியில் ஒரு உலோகத் துண்டு கிடந்தால் அதற்குள்ளும் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும், அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அதைத்தான் கேட்கும் சுற்று பிடிக்கிறது.

அந்தப் பதிலில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று அது எவ்வளவு பலமாக வருகிறது என்பது. இன்னொன்று எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது. பலம்தான் சத்தமாகவும் ஆழம் காட்டும் அம்பாகவும் மாறுகிறது. தாமதம்தான் திரையில் நம்பராக வருகிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தாமதம் எதைப் பொறுத்தது? மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கனமான துண்டில், அதாவது பெரிய வெள்ளிக் காசு, தடித்த செம்பு போன்றவற்றில், சுழல் மின்னோட்டம் கொஞ்ச நேரம் நின்று சுற்றும். தாமதம் அதிகம், நம்பர் அதிகம். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் அது உடனே அடங்கிவிடும், நம்பர் குறைவு. இரும்பில் காந்தத் தன்மையும் சேர்ந்துகொள்வதால் அது அளவுகோலின் அடிப்பக்கம் போய் உட்காரும். 0 முதல் 99 வரை காட்டும் மெஷின் என்றால் ஆணி கீழே, தாளும் மெல்லிய தங்கமும் அதற்கு மேலே, பித்தளை நடுவில், பெரிய வெள்ளி உச்சியில், சுமாராக இப்படி ஓடும். சில கம்பெனிகளின் மெஷினில் அளவுகோலே வேறு, இரும்புக்கு மைனஸில் வரும், அதனால் ஒருத்தர் மெஷினின் நம்பரை இன்னொருத்தர் மெஷினுக்கு எடுத்துப் போட முடியாது.

ஆக, அந்த நம்பர் உலோகத்தின் பெயர் கிடையாது. என்ன உலோகம், எவ்வளவு பெரிசு, எவ்வளவு தடிமன், என்ன வடிவம், இது எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி வந்த ஒரே எண். எங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். 1949 வரைக்கும் இது திருவிதாங்கூர் நாடு. அந்தக் காலத்து வெள்ளிச் சக்கரம் பார்த்திருக்கிறீர்களா? அரை கிராம் கூட வராத, பருப்பு மாதிரி ஒரு குட்டிக் காசு, கையால் எண்ண முடியாது என்று குழி வைத்த பலகையில் கொட்டி எண்ணுவார்களாம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் வெள்ளிக் காசோ 11.66 கிராம். இரண்டும் வெள்ளிதான். ஆனால் ரூபாய் அளவுகோலின் உச்சியில் ஒலிக்கும், சக்கரம் ரொம்பக் கீழே தாளோடும் தகரத்தோடும் போய் நிற்கும். அதே மாதிரி ஒரு கிராம் கம்மலும் சிகரெட் பெட்டித் தாளும் ஒரே நம்பரில் வரலாம், தடித்த தங்க வளையல் பித்தளையைத் தாண்டி மேலே போகலாம். "எத்தனை நம்பர் வந்தால் தங்கம்" என்ற கேள்விக்குத் தரைக்கு மேலேயே பதில் இல்லை, அப்புறம்தானே ஆழம்.

தங்கச் சங்கிலி பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே அதிகம் தொலைவது அதுதான். சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சுழல் மின்னோட்டம் முழுச் சங்கிலியையும் ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு சுற்றாது, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் துக்கடாவாகச் சுற்றும். அதனால் மூன்று பவுன் சங்கிலி கிடந்தாலும் மெஷின் ஒரு சின்னக் கம்பித் துண்டு மாதிரிதான் பார்க்கும், மெல்லிய கண்ணியாக இருந்தால் பார்க்காமலே விட்டுவிடவும் கூடும். பெரும்பாலும் அதில் கோத்த தாலியோ கொக்கியோதான் சத்தம் கொடுக்கும்.

சரி, ஆழத்துக்கு வருவோம்.

மெஷினிலிருந்து போகும் காந்தப்புலம் தூரம் போகப் போக வேகமாக மெலிகிறது, காசிலிருந்து திரும்பி வரும் பதிலும் அதே வேகத்தில் மெலிகிறது. போகும்போது ஒரு இழப்பு, வரும்போது இன்னொரு இழப்பு. காயிலின் அகலத்தைவிட ரொம்ப தூரத்தில் இருக்கும் சின்னப் பொருளுக்கு, தூரம் இரட்டிப்பானால் திரும்பி வரும் பலம் 64-ல் ஒரு பங்காகிவிடும். நாம் தேடும் ஆழத்தில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் மோசம்தான். 28 சென்டிமீட்டர் அகல வட்டக் காயில் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 5 சென்டிமீட்டரில் இருக்கும் காசின் பதிலை 100 என்று வைத்தால், அதே காசு 10 சென்டிமீட்டரில் 42, 20 சென்டிமீட்டரில் 5, 30 சென்டிமீட்டரில் 1 கூட இல்லை. இது வெறும் காற்றில். மண் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இங்கே ஒருத்தர் கேட்கலாம்: பலம் குறைந்தால் சத்தம் குறையட்டும், தாமதம் ஏன் மாற வேண்டும், காசு அதே காசுதானே? நியாயமான கேள்வி. காற்றில் மட்டும் என்றால் ரொம்ப தூரம் வரைக்கும் நம்பர் மாறவே மாறாது. வீட்டுத் திண்ணையில் காயிலுக்கு முன்னால் காசை ஆட்டிப் பார்த்துவிட்டு "அடேயப்பா, ஒரு அடி தள்ளியும் 85 என்று துல்லியமாகக் காட்டுகிறதே" என்று சந்தோஷப்படுவோமே, அந்தச் சந்தோஷம் விளைக்குள் இறங்கியதும் போய்விடும். காரணம் மண்ணும் பேசுகிறது.

எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல் மண்ணும் சிவப்பாக இருப்பதே அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடால்தான். காயிலுக்கு அடியில் இருக்கும் அந்த மண் முழுவதும் மெஷினுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட இரும்பு பேசும் பாஷையில். மெஷின் அதை அளந்து கழித்துவிடப் பார்க்கிறது, கிரவுண்ட் பேலன்ஸ் என்று சொல்வது இதைத்தான். ஆனால் கழித்தது போக எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், மண் ஒரு அடிக்கு ஒரு அடி மாறுகிறது, காயில் உயரம் கையோடு மாறுகிறது. அந்த மிச்சம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு 5 சென்டிமீட்டரில் இருக்கும்போது அதன் பதில் 100, மண் 3, மண்ணை யார் கவனிப்பார்கள். காசு 20 சென்டிமீட்டருக்குப் போய்விட்டது, அதன் பதில் 5, மண் அதே 3. இப்போது மெஷின் அளக்கிற தாமதம் காசுடையதும் இல்லை, மண்ணுடையதும் இல்லை, இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. ஒரு ஆட்டத்துக்கு 85 வரும், அடுத்ததில் 61, அடுத்ததில் 90, நடுவில் ஒரு தடவை இரும்புக்கு வரும் உறுமல் சத்தம். 30 சென்டிமீட்டரில் காசு 1, மண் 3. அங்கே நம்பர் என்று திரையில் வருவது பெரும்பாலும் மண்ணின் நம்பர்.

இதை நான் ஊரில் விளக்கும்போது குழித்துறை ஆற்றைத்தான் சொல்வேன். மழைக்காலத்தில் சப்பாத்துப் பாலத்துக்கு மேலே தண்ணீர் வழிந்து இரைந்துகொண்டிருக்கும்போது அக்கரையிலிருந்து ஒருத்தர் கூப்பிடுகிறார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும். ஆணா பெண்ணா, நம்ம ஆளா வேற ஆளா என்பது தெரியாது. சத்தம் வந்து சேர்ந்த தூரமெல்லாம் குரல் அடையாளம் வந்து சேராது. டிடெக்டரிலும் அப்படித்தான்: நம்பர் முதலில் சாகும், சத்தம் அப்புறம்தான் சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகல ஆழம் இருக்கிறது, அங்கே ஏதோ இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியும், என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் திரையில் ஒரு நம்பரைக் காட்டியே தீரும், பாவம், அதன் வேலை அது.

அந்த எல்லை எத்தனை சென்டிமீட்டரில் வரும் என்று கேட்டால் மண்ணைக் கேட்க வேண்டும். என் மெஷினில், எங்கள் விளைச் செம்மண்ணில், ஒரு ரூபாய் அளவு காசுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை நம்பர் நேர்மையாக இருக்கும், பதினைந்தில் ஆட ஆரம்பிக்கும், இருபதைத் தாண்டினால் நான் திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவேன். ஆற்று மணலில் இன்னும் ஒரு நாலு விரல் கூடுதலாகக் கிடைக்கும். ஏலாவில், நெல் விளைந்த வண்டல் மண்ணில், நடுத்தரம். இதே மெஷினை எடுத்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் கதை கந்தல். அங்கே மணலே கறுப்பு. இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த மணல், அதைப் பிரித்தெடுக்கத்தான் மத்திய அரசின் ஆலையே அங்கே நிற்கிறது. இல்மனைட்டில் இரும்பு இருக்கிறது, லேசாகக் காந்தத்துக்கும் இழுபடும். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டு அந்த மணலில் உருட்டினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு மேல் அலை நனைத்த மணலின் உப்பு வேறு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஈர மணலே ஒரு பெரிய அலுமினியத் தாள் மாதிரி பதில் சொல்லும். ஒரு பக்கம் இரும்பு பாஷை, ஒரு பக்கம் தாள் பாஷை. ஒற்றை அலைவரிசை மெஷின் ஒரே நேரத்தில் இரண்டையும் கழிக்கத் தெரியாமல் கத்திக்கொண்டே இருக்கும். பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின்கள் அங்கே எவ்வளவோ தேவலை. பல்ஸ் என்ற இன்னொரு வகை மெஷின் அந்த மாதிரி மணலில் ஆழமாகவே பிடிக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் இரும்பா தங்கமா என்று சொல்லும் வசதியே உருப்படியாக இருக்காது, சத்தம் வந்த இடமெல்லாம் தோண்ட வேண்டியதுதான்.

அடுத்து அந்த ஆழ அம்பு. புதிதாக வருபவர்கள் நம்பரையாவது கொஞ்சம் சந்தேகப்படுவார்கள், அம்பைச் சந்தேகப்படவே மாட்டார்கள். மெஷினுக்கு ஆழத்தை அளக்க எந்த வழியும் கிடையாது. வந்த பலத்தைப் பார்த்து, "இது ஒரு காசு அளவுப் பொருளாக இருந்தால் இந்த பலத்துக்கு இத்தனை ஆழத்தில் இருக்கும்" என்று ஊகிக்கிறது. காசாக இல்லாவிட்டால் ஊகமும் போச்சு. ஒரு முழ ஆழத்தில் கிடக்கும் பித்தளைக் குடத்தின் மூடி பத்து சென்டிமீட்டர் என்று காட்டும். புல்லுக்கடியிலேயே கிடக்கும் கம்மல் திருகாணி இருபது சென்டிமீட்டர் என்று காட்டும், நாமும் வெறிகொண்டு தோண்டி, திருகாணியை முதல் மண்வெட்டி மண்ணோடு ஓரத்தில் போட்டுவிட்டு, வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சத்தம் வந்த இடத்தில் காயிலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். தூக்கியும் சத்தம் குறையாமல் அகலமாக வந்துகொண்டே இருந்தால் அது பெரிய பொருள். தூக்கியதும் பட்டென்று காணாமல் போனால் சின்னது, அல்லது ஆழத்தில் இருக்கும் காசு.

இப்போது அந்த மண்வெட்டி வளையத்துக்கு வருகிறேன். இரும்பு என்றால் நம்பர் கீழே வர வேண்டுமே, ஏன் 84 வந்தது? நேரான ஆணி, கம்பி எல்லாம் ஒழுங்காகக் கீழேதான் வரும். ஆனால் இரும்பு வளையமாகவோ தட்டையாகவோ இருந்தால் சுழல் மின்னோட்டம் சுற்றிவர நல்ல பாதை கிடைத்துவிடுகிறது. வளையம், வாஷர், சோடா மூடி, தகரத் தட்டு, இவையெல்லாம் இரும்பாக இருந்துகொண்டே வெள்ளி மாதிரிப் பேசும். தாமதம் அளவுகோலின் ஒரு கோடியைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு மறு கோடியில் வந்து எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். மேலாக இருக்கும்போது இந்தத் திருட்டுத்தனம் பிடிபடும், ஏனென்றால் ஓரத்தில் உறுமல் வரும், காயிலைக் கொஞ்சம் நகர்த்தினால் நம்பர் விழும். ஆழமாகப் போய்விட்டால் அந்த ஓர உறுமல் நமக்கு வந்து சேராது, நடுவில் இருக்கும் நல்ல சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆழத்தில் உயர்ந்த நம்பர் வந்தால் நான் இப்போதெல்லாம் சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதுதான் அதிகம். நம்ம ஊர்ச் சில்லறையும் இதில் சேர்த்திதான். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காசு என்று நாம் நினைப்போம், மெஷின் பாதி நேரம் இரும்பு என்னும், பாதி நேரம் நல்ல உலோகம் என்னும்.

மோதிரத்தை நான் ஏன் விட்டேன் என்பது இதன் மறுபக்கம். ஆழமாக இருக்கும் நல்ல உலோகத்தின் நம்பரை மண் இரும்புப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தோம் அல்லவா. அதோடு மோதிரம் படுத்துக் கிடக்காமல் மண்ணில் செங்குத்தாக நின்றால், காந்தப்புலம் வளையத்தின் ஊடாகப் போகாது, ஓரத்தைத்தான் தொட்டுப் போகும். பதில் இன்னும் மெலியும். பக்கத்தில் ஒரு ஆணி கிடந்துவிட்டால் முடிந்தது, இரண்டின் பதிலையும் மெஷின் சேர்த்துப் பார்த்து நடுவில் ஏதோ சொல்லும், அல்லது ஆணி மோதிரத்தை முழுசாக மறைத்துவிடும். எங்கள் பக்கம் ரப்பர் போட்ட விளை எல்லாம் இந்த விஷயத்தில் நரகம்: பால் வடிய மரத்தில் அடித்த தகரச் சில்லு, சிரட்டை தாங்கின கம்பி, இவை முப்பது வருஷமாக விழுந்து விழுந்து மண்ணோடு மண்ணாகிக் கிடக்கும். கடற்கரைப் பக்கம் போனால் கம்பிக்குப் பதில் வலையில் கட்டும் ஈயக் குண்டு, அது அசல் மோதிர நம்பரிலேயே வந்து கழுத்தறுக்கும்.

இங்கேதான் டிஸ்க்ரிமினேஷன் என்ற பட்டன் ஆளைக் கெடுக்கிறது. இரும்பு நம்பர் வந்தால் சத்தமே போடாதே என்று மெஷினுக்குச் சொல்லும் வசதி அது. மேலாகக் கிடக்கும் ஆணிகளுக்கு நல்லதுதான். ஆனால் ஆழத்தில் இருக்கும் வெள்ளியும் தங்கமும் மண்ணால் இழுபட்டு இரும்பு நம்பருக்குள் வந்து விழும்போது அதையும் சேர்த்து அணைத்துவிடும், நாம் "சுத்தமாக ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவோம். சென்சிட்டிவிட்டியை, அதாவது எவ்வளவு மெல்லிய பதிலைக்கூட மெஷின் பிடிக்கும் என்ற அளவை, கடைசி வரைக்கும் ஏற்றுவதும் இதே ரகம்தான். செம்மண்ணில் அதை ஏற்ற ஏற்றக் காசின் பதிலோடு மண்ணின் பதிலும்தான் ஏறுகிறது. இரண்டு மூன்று படி குறைத்து வைத்தால் என் மெஷினில் நம்பர் அமைதியாகிறது, ஆழமும் பெரிதாகக் குறைவதில்லை. பெரிய காயில் வாங்கினால் ஆழம் கூடும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான், சொல்லாதது என்னவென்றால் பெரிய காயில் ஒரே நேரத்தில் அதிக மண்ணையும் அதிகக் குப்பையையும் பார்க்கிறது, அதனால் எங்கள் மாதிரி மண்ணில் சின்னக் காயிலில் நம்பர் சுத்தமாக வரும்.

அப்படியானால் ஆழத்தில் எதைத்தான் நம்புவது? நம்பர் எவ்வளவு என்பதைவிட, நம்பர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஒரு திசையில் ஆட்டுங்கள், அப்புறம் அப்படியே கால் வட்டம் நடந்துபோய்க் குறுக்குத் திசையில் ஆட்டுங்கள். இரண்டு திசையிலும் சத்தம் ஒரே புள்ளியில் வருகிறது, நம்பர் 70-க்கும் 88-க்கும் நடுவில் ஆடினாலும் கீழே விழவில்லை என்றால் தோண்டலாம். ஒரு திசையில் அழகாக 84, குறுக்கே போனால் உறுமல் அல்லது புள்ளியே கையளவு தள்ளிப் போகிறது என்றால் பெரும்பாலும் வளைந்த இரும்பு. ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் நல்ல சத்தம் வந்துவிட்டு அப்புறம் வரவே மாட்டேன் என்றால் அது மண், இல்லாவிட்டால் இரும்பேறிய வெட்டுக்கல் துண்டு, எங்கள் விளைகளில் அது காலுக்குக் கால் கிடக்கிறது. ஆட்டும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள், என் மெஷின் வேகமாக ஆட்டினால் ஆழத்துக் காசைச் சுத்தமாகத் தவறவிடும். அப்புறம் மேலே அரைச் சாண் மண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஒரு தடவை பாருங்கள். இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு, ஆனால் எனக்கு இதைவிட உதவியது எதுவுமில்லை. பத்து சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் காயிலையும் குழிக்குள் இறக்க முடிந்தால், 20 சென்டிமீட்டரில் இருந்த காசு பத்து சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது, மேலே இருந்த கணக்குப்படி அதன் பதில் எட்டு மடங்கு ஏறிவிட்டது. இப்போது வரும் நம்பர் உண்மை பேச ஆரம்பிக்கும். 84 என்று ஆசை காட்டினது இப்போது உறுமினால் அங்கேயே மூடிவிட்டு வரலாம், பாதி வேலை மிச்சம்.

உங்கள் மண்ணில் அந்த எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். குழி தோண்டிக் காசைப் போட்டு மூடிவிட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள், கிளறின மண் கிளறாத மண் மாதிரி நடந்துகொள்ளாது. பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டி, அதன் பக்கவாட்டுச் சுவரில் 5, 10, 15, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் தட்டையாகத் துளை போட்டு, காசை உள்ளே தள்ளி, மேலிருந்து ஆட்டிப் பாருங்கள். காசுக்கு மேலே இருக்கும் மண் பல வருஷமாக அசையாத மண், அதுதான் நிஜம். வீட்டில் இருக்கும் ஒரு பழைய காசு, ஒரு வெள்ளி மோதிரம், ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, நாலும் போதும். எந்த ஆழத்தில் நம்பர் ஆடத் தொடங்குகிறது, எந்த ஆழத்தில் சோடா மூடியும் மோதிரமும் ஒன்று போலவே கேட்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். "10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தங்கத்தை மட்டும் காட்டும்" என்று ஆன்டெனா வைத்த பெட்டிகளை விற்கிறார்கள். கையில் பிடிக்கும் ஒரு சாதாரண மெஷின் காசு அளவுப் பொருளைச் சுமார் ஒரு அடி ஆழத்தில் பிடித்தாலே பெரிய விஷயம், பெரிய பாத்திரம், இரும்புப் பெட்டி மாதிரியானவற்றை அதைவிட ஆழத்தில் பிடிக்கும், அதற்கென்றே இரண்டு பெட்டி வைத்த மெஷின்கள் இருக்கின்றன, அவையும் சின்னக் காசைக் கண்டுகொள்ளாது. பத்து மீட்டரில் தங்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்லும் மெஷின், அரிசியை இழுக்கும் என்று சொல்லி ஏமாற்றி விற்கும் ரைஸ் புல்லர் செம்பின் தம்பி. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதில் காசு விட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

தொலைந்த நகையைத் தேடுவது வேறு, புதையல் தேடுவது வேறு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆம், பத்து ரூபாய்தான், அந்தத் தொகையை யாரும் மாற்றவில்லை. வட்டக்கோட்டை, சிதறால் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் மெஷினை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

அந்த அக்காவின் மோதிரம் என்னாயிற்று என்றால், மண்வெட்டி வளையம் வந்த அன்றைக்கு நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி போனேன். டிஸ்க்ரிமினேஷனை முழுசாக எடுத்துவிட்டு, சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, மரச்சீனி மூடு பிடுங்கின குழிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் மோதிரம் கழன்றது கிழங்கைப் பிடித்து இழுக்கும்போதுதான், அப்படியானால் மேல்மண்ணில் இருக்காது, குழிக்குள் சரிந்த மண்ணோடு போயிருக்கும். நான் முன்னால் ஆணி என்று தள்ளிவிட்ட இடத்தில் 22, 48, உறுமல், 35, மறுபடி உறுமல். திரையைப் பார்த்தால் எவனும் தோண்ட மாட்டான். ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் சத்தம் அதே புள்ளியில் நின்றது. ஒரு சாண் மண்ணை எடுத்துவிட்டுக் காயிலைக் குழிக்குள் இறக்கினதும் நம்பர் 52-ல் வந்து உட்கார்ந்தது, அப்புறம் நகரவே இல்லை. மோதிரம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஒரு மரச்சீனி வேர் நுழைந்து.